நாற்பது முட்கள் தைத்த சாலை

நம் நாட்டைக் காண வந்த அயலார் எழுதிவைத்த குறிப்புகள் வரலாற்று ஆசிரியர்க்கு அரிய கருவூலம் என்பதை அறியாதார் இலர். மெகஸ்தனிசு முதல் யுவான் சுவாங், மார்க்கோ போலோ, இபன் பதூதா வரை பலருடைய பெயர்களைப் பள்ளி நாளிலேயே உருப்போட்டவர்கள் நாம். இவர்களில் சிலர் கடல் வழியே வந்தனர். சிலர் ஒட்டகத்திலும் பல்லக்கிலும் வந்தனர். கால்நடையாகவே வந்தவரும் உண்டு. குமரி முனையிலிருந்து இமயமலை வரை மிதிவண்டியில் சென்ற ஒரு தம்பதியரைப் பற்றித் தமிழில் பேசப்பட்டது மிகக் குறைவு. அவர்கள் எழுதிய நூல் 1904ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. ஊரும் காடும் வழியே, இந்தியச் சமவெளியின் கோயில்களிடையேயும் மக்களிடையேயும் பதினாலாயிரம் மைல் சக்கரப் பயணம் என்பது அதன் நெடிய தலைப்பின் பொருள். பதினாலாயிரம் மைல் என்பது ஏறத்தாழ 22,500 கிலோமீட்டர்.

அத்தம்பதியர் ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கர்கள். ஃபேனி 1859இல் மாசசூசெட்சு மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. 1881இல் தம்மினும் பன்னிரண்டு ஆண்டு மூத்தவரான வில்லியத்தை மணந்தார். வில்லியம் மருத்துவர். உடல்நலக் குறைவால் 1889இல் தொழிலை விட்டுவிட்டு மனைவியுடன் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார். மகன் 1893இல் இளம் பருவத்திலேயே இறந்தான். மகள் வளர்ந்ததோ பெரும்பாலும் செவிலியர் கையிலும் விடுதிப் பள்ளிகளிலும். பெற்றோர் இருவரும் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தனர். இதைப் படிக்கும் நம்மவர்க்கு மனம் உறுத்தவே செய்யும். எனினும், இதே செயலை ஓர் ஆண்மகன் செய்திருந்தால் அவன் மக்களை யார் வளர்த்தார்கள் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் மிதிவண்டியிலேயே பார்த்து முடித்தபின், 1897 நவம்பரில் அவர்கள் கீழ்த்திசைப் பயணத்தைத் தொடங்கினர். இரண்டரை ஆண்டு நீண்ட அப்பயணத்தில் இலங்கை, பர்மா, சாவகம் ஆகிய நாடுகளும் அடங்கும். பெரும்பகுதி இந்தியாவில் கழிந்தது. இலங்கையை முடித்துக்கொண்டு, 1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்முனையிலிருந்து வடக்கு நோக்கிச் சக்கரத்தை உருட்டினர். ஃபேனிக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. கணவருக்கு ஐம்பதைக் கடந்துவிட்டது.

இன்று குமரியில் திருக்குறள் விரைவு வண்டியில் ஏறினால் இரண்டு இரவுகளைக் கழித்து நிசாமுதீனில் இறங்கிவிடுகிறோம். அதற்கே முதுகு வலிக்கிறது என்று சலித்துக்கொள்கிறோம். 1898இல் அதே வடதிசைப் பயணத்தின் ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும்? அவர்கள் எழுதிவைத்த செய்திகளையும், அக்காலச் சாலைகளின் இயல்பையும், வண்டியின் அமைப்பையும் இணைத்து அந்நாளை ஓரளவு உருவாக்கிப் பார்க்க இயலும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் தட்டு அளவும் கொண்ட பழைய வண்டியின் காலம் அப்போது முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885இல் இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டியை வெளியிட்டார். நாம் இன்று ஓட்டும் வண்டியின் நேர் மூதாதை அதுவே. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த உருளைப்பட்டைக்கு உரிமம் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின்தான் மிதிவண்டி பெண்களும் நடுவயதினரும் ஏறத்தக்கதாயிற்று. ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே உருளும் அமைப்பு 1890களின் இறுதியில்தான் பரவலாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகளில் சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். காலுக்கு ஓய்வு என்பதே இல்லை. இறக்கத்தில் இறங்கும்போது கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் நீண்ட பாவாடை அணிந்த ஒரு பெண்மணி, தலையில் வெயில் தொப்பியுடன், தமிழ்நாட்டுக் கரிசல் வெளியைக் கடந்து போனார் என்று கற்பனை செய்து பாருங்கள்.

விடியலுக்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். நண்பகல் வெயிலைத் தாங்குவது எளிதன்று என்பதால் வெள்ளைக்காரப் பயணிகள் எல்லோருக்கும் இது விதியாகவே இருந்தது. அந்நேரத்தில் சாலை வெறுமையாக இராது. நம் நாட்டு மாட்டுவண்டிகள் இரவில் செல்பவை. பகல் வெயிலில் மாட்டை வதைக்காமல், இருட்டில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும். வண்டிக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடும். வண்டிக்காரர் நல்ல உறக்கத்தில் இருப்பார். மாடு வழி அறியும். பின்னாலிருந்து மணியடித்தால் மாடு மிரளும். வண்டிக்காரர் விழிக்க மாட்டார். சாலையின் இருமருங்கும் ஆலும் புளியும் வேம்பும் நிழல் தரும். நட்ட கை மங்கம்மாளுடையதோ மாகாண அரசுடையதோ, தென்னாட்டு நெடுஞ்சாலையின் பெருமை அம்மரங்களில் இருந்தது. மங்கம்மாள் சாலை என்ற பெயர் மதுரைக்குத் தெற்கே இன்றும் மக்கள் வாயில் வழங்குகிறது.

மரம் நிழல் தந்தது. ஆனால் சாலை முள்ளையும் தந்தது. வொர்க்மன் தம்பதியர் ஒரே நாளில் நாற்பது துளைகள் வரை அடைக்க நேர்ந்ததாக எழுதியுள்ளனர். அந்த எண்ணைப் பார்த்ததும் எவருக்கும் சற்று ஐயம் எழும். நம் சாலைகளை அறிந்தவர்க்கு ஐயம் நீங்கிவிடும். ஆட்டுக்குத் தழை வேண்டி இடையர் வேலமரக் கிளைகளை வெட்டிப்போடுவர்; வேலிக்கு முட்கட்டு ஏற்றிச் செல்லும் வண்டி வழியெல்லாம் முள் சிந்திச் செல்லும். காய்ந்த வேலமுள் ஊசிக்கு ஒப்பானது. இதுவன்றி, கல் பாவிய சாலையில் நடக்கும் மாட்டுக்கு இலாடம் அடிப்பது வழக்கம். தேய்ந்த இலாடத்திலிருந்து ஆணி கழன்று சாலையில் கிடக்கும். மெல்லிய இரப்பருக்கு இவை இரண்டும் எமன்.

நாற்பது துளை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்குப் பார்ப்பது என் தொழிற்பழக்கம், அன்பர்கள் பொறுத்தருள்க. வண்டியைக் கவிழ்த்து, பட்டையின் ஒரு பக்கத்தை நெம்பி எடுத்து, உள்குழாயை வெளியே இழுத்து, நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடம் கண்டு, துடைத்து, சுரண்டி, பசை தடவி, அது காய்ந்தபின் ஒட்டு வைத்து, மீண்டும் பூட்டிக் காற்றடிக்க வேண்டும். தேர்ந்த கைக்கும் பத்து நிமிடம் ஆகும். நாற்பது துளைக்கு நானூறு நிமிடம். அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. இரு வண்டிக்கும் பங்கிட்டு இருவரும் ஒருசேர வேலை செய்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையோரத்தில் மண்டியிட்டே கழிந்திருக்கும். குமிழி பார்க்கக் குடிநீரைச் செலவிட வேண்டும். வெயிலின் வெப்பத்தில் பசை இளகி, காலையில் வைத்த ஒட்டு மாலையில் விட்டுப்போகும். மலைச்சிகரம் ஏறுவதைக் காட்டிலும் இதற்கே அதிகப் பொறுமை தேவை என்பது என் கருத்து. அவர்கள் பின்னாளில் பெற்ற புகழெல்லாம் சிகரங்களால் வந்தது. முள் பிடுங்கியவர்க்கு எந்தக் கழகமும் பதக்கம் தருவதில்லை.

அவர்கள் கொண்டு சென்றவை தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, பாற்கட்டி, தகரத்திலடைத்த இறைச்சி, குடிநீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள்கள், மருந்துப்பெட்டி, பழுதுபார்க்கும் கருவிகள். உணவு போதாமல் வாடிய நாட்கள் பல. வழியெங்கும் சோறு மணக்கும் ஊர்களைக் கடந்துகொண்டே பிஸ்கோத்தைக் கடித்துச் சென்றனரே என்று நமக்கு இரக்கமும் நகைப்பும் ஒருங்கே எழலாம். ஆனால் வில்லியம் மருத்துவர் என்பதை மறந்துவிடக் கூடாது. வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் உறுதி செய்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. திருவிழாக் கூட்டத்தோடு அந்நோய் ஊருக்கு ஊர் பரவிய காலம் அது. கிணற்று நீருக்கு அஞ்சியவரைக் குறை கூற முடியாது.

மாலையில் தங்குமிடம் தேட வேண்டும். முசாபரி பங்களா கிடைத்தால் நற்பேறு. கிடைக்காவிடில் இரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையே கதி. பொருள்கள் கிடைக்கும் வசதிக்காக அவர்கள் பெரும்பாலும் இருப்புப்பாதையை ஒட்டிய பெருஞ்சாலைகளிலேயே சென்றனர். தென்னிந்திய இருப்புப்பாதை தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் 1876இலேயே எட்டிவிட்டது. இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரயில் இணைப்புள்ள இரண்டு ஊர்களிடையே ஓர் அரசு ஊழியர் சாலைவழியே சென்றால், இரயில் கட்டணத்துக்கு மேல் பயணப்படி தருவதில்லை என்பது எங்கள் அலுவலகங்களில் வேதவாக்கு. இத்தம்பதியரின் பட்டியல் என் மேசைக்கு வந்திருந்தால், சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

காத்திருப்பு அறைகளில் எலிகள் ஓடின, கொசுக்கள் மொய்த்தன. கொசுவைத் தொல்லை என்ற அளவில்தான் அன்றைய உலகம் அறிந்திருந்தது. அவர்கள் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்னர், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் இரானல்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். எலிக்கு வேறு பொருள் இருந்தது. பம்பாயில் 1896இல் தோன்றிய கொள்ளைநோய் நாடெங்கும் அச்சத்தை விதைத்திருந்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது; இரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்திச் சோதித்தனர்; அச்சோதனையில் நம் பெண்கள் பட்ட மானக்கேடு பெருங்கொந்தளிப்பை எழுப்பியது. அமெரிக்கத் தம்பதியர் ஓய்வு கொண்ட அதே நிலையங்களின் மறுபக்கத்தில், மூன்றாம் வகுப்புப் பயணிகளின் கதை இவ்வாறு இருந்தது.

இப்போது சாலையை மீண்டும் நோக்குவோம். முள்ளைப் பற்றிச் சொன்னோம். கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. நிவாரணம் என்ற பெயரில் அரசு திறந்தவை பெரும்பாலும் வேலைத்தலங்கள். சாலை போடுதல், கல்லுடைத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவை அங்கு நடந்த வேலைகள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் அப்பசித்த கைகளால் தோண்டப்பட்டதே. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி விகிதப்படி, நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கிடைத்தன. பெண்ணுக்கு அதினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அக்கூலியில் உழைப்பவன் உயிர் தரியான் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாது வாதாடினார். கோப்பிலே எதிர்க்குறிப்பு எழுதுவது எத்தனை அரிய துணிவு என்பதை எழுத்தர் வர்க்கம் நன்கறியும். சில மாதங்களில் கூலி விகிதம் திருத்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்க்குத் திருத்தம் எதுவும் பயன்படவில்லை.

சென்னை மாகாணத்துச் சாலைகளில் பல அவ்வாறு செப்பனிடப்பட்டவை. பயணி மெச்சும் சமதளமான சரளைப் பரப்பு, வழியோரத்தில் சம்மணமிட்டு அமர்ந்து சுத்தியலால் கல்லைப் பொடித்த பெண்டிர், சிறுவர் கையால் ஆனது. இது பழங்கதை மட்டுமன்று. 1896–97இல் மீண்டும் பஞ்சம் வந்தது; சென்னை மாகாணத்தின் பெல்லாரி, அனந்தப்பூர், கர்நூல் மாவட்டங்களும் அதற்குத் தப்பவில்லை. வொர்க்மன் தம்பதியரின் பயணம் முடியும் தறுவாயில், 1899–1900இல், மேற்கிலும் நடுவிலும் இராசபுதனத்திலும் அதனினும் கொடிய பஞ்சம் படர்ந்தது. பதினாலாயிரம் மைல் நெடுகிலும் அவர்கள் சென்ற சமவெளி, இரண்டு பஞ்சங்களுக்கிடையே மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சமவெளி.

அவர்கள் எதைப் பார்த்தனர்? பாராட்டத்தக்க ஒன்றை முதலிற் சொல்ல வேண்டும். அக்கால மேனாட்டுப் பயணிகளில் பலர் இந்நாட்டை வேட்டைக்காடாகவும் வேடிக்கைக் கடையாகவும் கண்டபோது, இவ்விருவரும் படித்துவிட்டு வந்தனர். இராமாயணம், மகாபாரதம், புத்த சாதகக் கதைகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பில் கற்றனர். ஒரு கோயிலின் தூணை யார் எந்த நூற்றாண்டில் எழுப்பினர் என்று ஆராய்ந்தனர், ஒளிப்படங்கள் எடுத்தனர். திராவிடச் சிற்பக்கலைக்கும் வடநாட்டுக் கட்டடக்கலைக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாக நோக்கினர். நம்மவரே கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் அர்ச்சனைச் சீட்டு வாங்கிய காலத்தில், இது சிறிய செயலன்று.

ஆயினும் தலைப்பில் இடம்பெற்ற 'மக்கள்' நூலுக்குள்ளே மெலிந்துபோகின்றனர். இதிகாசம் படைத்த மக்களை அறியவே இத்தனை தொலைவு வந்ததாகக் கருதியவர்கள், அம்மக்களின் பேரர்கள் சாலையோரத்தில் நின்றபோது அவர்களோடு பேசியது குறைவு. கற்களோடு பேசியதே அதிகம். மொழி தெரியாமை ஒரு காரணம். ஆட்சியாளரின் நிறத்தைப் பெற்றிருந்தமை மற்றொன்று. அமெரிக்கர் என்று சொல்லிக்கொண்டாலும் முசாபரி பங்களாவின் கதவு அவர்களுக்குத் திறந்தது அந்நிறத்தைக் கண்டே. மலைப்பகுதிக்குச் சென்றபின் நிலைமை மேலும் கெட்டது. 1898 கோடையில் வண்டிகளைச் சமவெளியோடு விட்டுவிட்டுப் பதினாலாயிரம் முதல் பதினெண்ணாயிரம் அடி வரை உயர்ந்த கணவாய்களைக் கால்நடையாகக் கடந்தனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் சிக்கிம் பக்கம் சென்றபோது சுமையாட்களோடு ஓயாத பிணக்கு. பாதிவழியில் திரும்ப நேர்ந்தது. கூலியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அச்சுமையாட்கள் சொன்னதை எவரும் நூலாக எழுதவில்லை. ஒரு தரப்பு வாக்குமூலம் மட்டும் கொண்ட கோப்பாகவே அவ்வழக்கு நிற்கிறது.

இவ்வாறு எழுதுவதால் ஃபேனியின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 1905இல் இலண்டன் அரசு புவியியற் கழகத்தில் உரையாற்றினார். பெண்களை அழைக்கத் தயங்கிய அவ்வவையில் அவருக்கு முன் பேசிய பெண்மணி ஒருவரே. 1906இல், தம் நாற்பத்தேழாம் வயதில், நன் குன் மலைத்தொகுதியில் 22,000 அடிக்கு மேற்பட்ட பினக்கிள் சிகரத்தில் ஏறினார்; பெண்கள் ஏறிய உயரத்தில் அது 1934 வரை முதலிடத்தில் இருந்தது. 1912இல் சியாச்சின் பனியாற்றின் தலைமாட்டில், 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற வாசகம் கொண்ட செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். இன்று நம் வீரர்கள் காவல் நிற்கும் அப்பனிவெளியின் வரைபட வரலாற்றில் இத்தம்பதியரின் அளவைப் பணிக்கு இடமுண்டு. ஃபேனி 1925இல் பிரான்சு நாட்டில் காலமானார். கணவர் 1937 வரை வாழ்ந்தார்.

பெண்ணுரிமைக்குக் குரல்கொடுத்த அப்பெண்மணி தமிழ்ச் சாலைகளில் சென்றபோது, அவரை நிமிர்ந்து பார்த்த நம் பெண்கள் என்ன நினைத்திருப்பர்? வெள்ளைக்காரி என்பதால் வியப்பு. வண்டி என்பதால் வியப்பு. பின்னே புருஷன் வருகிறானா என்று ஒரு தேடல். அவர்களுக்கும் அச்சக்கரத்துக்கும் இடையே இருந்த தொலைவு பதினாலாயிரம் மைலினும் பெரிது. ஆண்களின் கைக்கே மிதிவண்டி எளிதில் வாராத காலம் அது. பின்னர் அது வாத்தியாருக்கும் அஞ்சற்காரருக்கும் பால்காரருக்கும் உரியதாயிற்று. பெண்ணுக்கு உரியதாக நெடுநாள் ஆகவில்லை.

அது மாறிய இடங்களுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் இணைத்தார். ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பெண்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பொட்டலில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாமல் ஆண்கள் வண்டியின் குறுக்குக் கம்பியைத் தாண்டியே ஏறினர். அதுவே வசதி, முன்னே பிள்ளையை உட்காரவைக்கலாம் என்றனர். ஊரார் ஏளனம் செய்தனர், பிறகு அடங்கினர். பேருந்துக்குக் காத்திருக்காமல் சந்தைக்குச் சென்றனர். குடம் கட்டி நீர் கொணர்ந்தனர். கற்றவர்களில் கல்லுடைக்கும் பெண்களும் இருந்தனர். அதே காலத்தில் அம்மாவட்டத்தில் கல்குவாரிகளின் குத்தகை, ஒப்பந்தக்காரர் கையிலிருந்து அப்பெண்களின் குழுக்களுக்கு மாற்றித் தரப்பட்டது. தாம் உடைத்த கல்லுக்குத் தாமே விலை பேசியபின், சம்மட்டியைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு, அக்கல் பாவிய சாலையில் அவர்கள் மிதிவண்டியில் வீடு திரும்பினர்.